பாலக்கோட்டில் நடக்க என்ன இருக்கிறது?

எடின்பரோவில் பணிபுரியும் நண்பர் ஒருவர் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது, நான்காக மடித்த ஒரு தாளை என்னிடம் காட்டினார். ஸ்காட்லாந்தின் தென்கிழக்குக் கடற்கரையில் செயின்ட் ஆப்ஸ் என்னும் மீனவச் சிற்றூர் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு விருந்தினர் இல்லத்தில் குடும்பத்தோடு மூன்று நாள் தங்கியிருக்கிறார். தாள், அந்த இல்லத்துக்காரம்மாள் தம் கைப்பட எழுதி நகலெடுத்து ஒவ்வோர் அறையிலும் வைத்திருப்பது. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல்தானே என்று அசட்டையாக வாங்கினேன். படித்து முடித்தபின் அதைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

சமையலறைப் பின்வாசலைத் திறந்து இடப்பக்கம் திரும்பவும் என்று அது தொடங்குகிறது. கல்மதிலின் மேல் ஏறி இறங்க ஒரு படி இருக்கும். அடுத்த வயலில் ஜூன் மாதத்தில் காளை நிற்கும், வேலியோரமாகவே போகவும். ஆட்டுக்குட்டிகள் இருக்கும் பருவத்தில் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளவும். பாறை விளிம்பை அடைந்ததும் உட்காருங்கள், பேச வேண்டாம். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை கீழே கில்லமாட், ரேசர்பில், கிட்டிவேக் பறவைகள் பாறை இடுக்குகளில் ஆயிரக்கணக்கில் அடைகாத்திருக்கும். வடகிழக்குக் காற்று அடிக்கும் நாளில் இந்த வழியில் போக வேண்டாம். திரும்பி வர ஒன்றரை மணிநேரம் ஆகும், வந்ததும் தேநீர் உண்டு.

இப்படி ஐந்தாறு நடைகள். ஒன்று சிக்கார் முனைக்கு. 1788இல் ஜேம்ஸ் ஹட்டன் என்பவர் இரு நண்பர்களோடு படகில் அந்த முனைக்குப் போனார். செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும் சாம்பல்நிறப் பாறை அடுக்குகளின் தலைமீது செம்மணற்பாறை ஏறத்தாழக் கிடைமட்டமாகப் படிந்திருப்பதைக் கண்டார். கீழடுக்கு கடலடியில் படிந்து, இறுகி, மடிந்து நிமிர்ந்து, தேய்ந்து, அதன்மேல் மறுபடியும் மணல் படிய எவ்வளவு காலம் பிடித்திருக்கும் என்ற கேள்வியில்தான் பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுகள் என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டது. உலகப் புவியியல் வரலாற்றின் பெரிய சம்பவம் ஒன்று அந்த அம்மாளின் தாளில், 'சரிவு வழுக்கும், நல்ல காலணி போட்டுக்கொண்டு போகவும்' என்ற குறிப்போடு வருகிறது. இன்னொரு நடை ஐமவுத் துறைமுகத்துக்கு. 1881 அக்டோபர் 14 அன்று அடித்த புயலில் அந்தக் கரையைச் சேர்ந்த 189 மீனவர்கள் இறந்தார்கள். கடலைப் பார்த்தபடி நிற்கும் பெண்களும் பிள்ளைகளுமாகச் சிறிய வெண்கல உருவங்கள் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. நவம்பரில் வருகிறவர்களுக்கு, சாம்பல்நிற சீல்கள் குட்டி போடும் கரையை மேலிருந்து மட்டும் பார்க்கச் சொல்லி ஒரு வரி.

நண்பர் பாலக்கோட்டுக்காரர். தாளை நான் படித்து முடிக்கும்வரை காத்திருந்தவர், "வர்ற வருசம் அங்கிருந்து ரெண்டு பேரைக் கூட்டிட்டு வரப்போறேன். நம்ம ஊர்ல என்ன பண்ணலாம்?" என்று கேட்டார். நான் உடனே ஆரம்பித்துவிட்டேன். ஒகேனக்கல். பஞ்சப்பள்ளி அணை. அதியமான்கோட்டை காலபைரவர் கோயில். தருமபுரிக் கோட்டைக் கோயிலில் தரையைத் தொடாத தூண். தீர்த்தமலை. கிருஷ்ணகிரி அணை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் கார்ல போய்ப் பாத்துட்டு வர்றது. நடக்க என்ன இருக்குப்பா?" என்றார்.

பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றிய அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்த வெட்கத்திலிருந்து எழுதப்படுகிறது.

நமக்கு நடக்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. நேர்த்திக்கடனுக்கு நடக்கிறோம், மலையைச் சுற்றி வருகிறோம், ஆடிப்பெருக்குக்குச் சாமியைத் தூக்கிக்கொண்டு காவிரிக்குப் போகிறோம். இந்தப் பக்கத்திலேயே பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கிறது. சிறையில் தொழுநோய் கண்டு வெளிவந்த அந்த மனிதரை ரயிலில் ஏறக்கூடாது என்று அரசாங்கம் தடுத்தது. அவர் கால்நடையாகவும் கட்டைவண்டியிலும் ஊர் ஊராகப் போனார். பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்கு ஆலயம் எழுப்ப வேண்டும் என்பது கனவு. 1923இல் சித்தரஞ்சன் தாஸைக் கொண்டு அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23இல் அங்கேயே இறந்தார். அந்த நினைவிடத்துக்கு இன்று போகிறவர்கள் வாகனத்தை வாசலில் நிறுத்தி, வணங்கி, படமெடுத்துத் திரும்புகிறார்கள். நானும் அப்படித்தான் போய்வந்தேன். அவர் நடந்த சாலைகளில் ஒன்றையாவது நடந்து பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஒகேனக்கல்லையே எடுத்துக்கொள்வோம். கன்னடத்தில் 'புகையும் கல்' என்று பொருள்படும் பெயர். அந்தப் பாறைகளில் கார்பனடைட் என்னும் அரிய வகைப் பாறை இருக்கிறது. எரிமலைக் குழம்பே சுண்ணாம்புத் தன்மையோடு மேலெழுந்து உறைந்தால் உண்டாவது. அதன் வயது சுமார் 240 கோடி ஆண்டுகள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சிக்கார் முனையின் பாறைகள் இதன் முன்னால் நேற்றுப் பிறந்தவை. எத்தனையோ முறை அங்கே எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அடியில் இருப்பது என்ன என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. வறுத்த மீன், எண்ணெய்க் குளியல், பரிசல், தொங்குபாலம், திரும்பிப் பயணம். இவற்றில் எதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மூங்கில் பின்னிய வட்டமான பரிசலை ஒற்றைத் துடுப்பால் சுழலில் சிக்காமல் எடுத்துப் போகும் பரிசல்காரரின் கைத்திறனை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அவரிடம் நாம் கேட்பதெல்லாம் கட்டணம் எவ்வளவு என்பதுதான். ஆற்றின் எந்தப் பாறைக்கு என்ன பெயர், எந்த மாதத்தில் எந்த மீன் ஏறும் என்பது அவருக்குத் தெரியும். அந்த அறிவுக்கு நாம் விலையும் வைக்கவில்லை, மரியாதையும் வைக்கவில்லை.

ஸ்காட்லாந்து என்றதும் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பாராமகால் என்று அழைக்கப்பட்ட இந்த நிலப்பகுதி, 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து கம்பெனியின் கைக்குப் போனது. காப்டன் அலெக்ஸாண்டர் ரீட் தலைமையில் நிர்வாகம் அமைக்க வந்த உதவியாளர்களில் ஒருவர் கிளாஸ்கோவில் பிறந்த தாமஸ் மன்றோ. சென்னையில் அங்கவடி இல்லாத குதிரைமேல் சிலையாக இருக்கிறாரே, அவரேதான். 1799 வரை இங்கே இருந்தார். தருமபுரியில் தாம் உண்டாக்கிய தோட்டத்தைப் பற்றியும் இந்தக் குன்றுகளைப் பற்றியும் அவர் எழுதிய கடிதங்களில் பிரிய மனமில்லாத ஒரு மனிதனின் குரல் கேட்கிறது. வரி வசூலிக்க வந்தவர்தான், அதில் எனக்கு மயக்கம் எதுவும் கிடையாது. ஆனால் நிலத்தைப் புலம் புலமாக அளந்து, ஒவ்வொரு விவசாயியோடும் பேசிக் கணக்கெழுதும் முறை அவர்களிடமிருந்து வளர்ந்தது. அதற்கு அவர்கள் ஊர் ஊராகக் குதிரையிலும் காலாலும் போக வேண்டியிருந்தது. நம் ஊரைச் சுற்றி என்ன இருக்கிறது என்று என்னைவிட அந்த அந்நியருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நண்பருக்குப் பதில் சொல்வதற்காக அந்த ஆண்டு மழைக்குப் பிறகு நானே நடக்க ஆரம்பித்தேன்.

முதலில் ராயக்கோட்டை. பாலக்கோட்டிலிருந்து ரயிலில் போய் இறங்கலாம். சேலம் – பெங்களூரு இருப்புப்பாதையில் வரும் ஊர்கள். 1791 ஜூலையில் மேஜர் கௌடியின் படை பிடித்த கோட்டை அது. ஏற்றம் கடினமில்லை. மேலே இடிந்த சுவர்கள், பாசி படர்ந்த சுனை, காற்று. எந்த வாயில் எந்தப் பக்கம் பார்த்தது, பீரங்கி எங்கிருந்து சுட்டது என்று விளக்கும் ஒருவர் கூட இருந்தால் அரைநாளை அங்கே செலவிடலாம். நான் போன அன்று மேலே இருந்தவர்கள் கல்லூரி மாணவர்கள் நால்வர். சுவரில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். வேறு என்னதான் செய்வார்கள்? அவர்களுக்கு அங்கே செய்ய ஒரு காரியத்தை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையே.

அடுத்து சின்னாறு. பஞ்சப்பள்ளியில் தேக்கப்பட்டு, காடும் கொல்லையுமாகக் கடந்து, ஒகேனக்கல்லில் காவிரியோடு சேர்கிற ஆறு. ஆண்டில் பல மாதங்கள் மணல்தான். செயின்ட் ஆப்ஸ்காரர்களுக்குக் கடற்கரைப் பாதை என்றால் நமக்கு இது இருக்கலாமே என்ற ஆசையில் அணைக்குக் கீழே கரையோரமாக நடந்தேன். இரண்டு இடங்களில் கரையைக் காணோம், கொல்லைகள் ஆற்றுக்குள்ளேயே வந்துவிட்டிருந்தன. ஓரிடத்தில் கம்பிவேலி. வேலி என்றால் இந்தப் பக்கத்தில் ஒரு நடுக்கம் வரும். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளிக்கு அருகே காளிக்கவுண்டன்கொட்டாயில் சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்துக் கிடந்தன. இரண்டு குட்டிகள் அவற்றைச் சுற்றிச்சுற்றி வந்தன. அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த மண்ணில் இயற்கைச் சுற்றுலா என்று இலேசாகப் பேச நா எழாது. வாங்கிய கடனுக்கு நட்ட பயிரை ஓர் இரவில் இழக்கும் விவசாயியின் பக்கமும் எனக்குத் தெரியும். தக்காளி விலை சரிந்தால் சந்தைக்கு வெளியே கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போகும் ஊர் இது.

ஸ்காட்லாந்தில் மட்டும் இது எப்படிச் சாத்தியமாயிற்று? அந்த அம்மாளின் பின்வாசலுக்கு அப்பால் இருக்கும் வயல் அவளுடையதில்லை. ஆனாலும் விருந்தாளி அதைக் கடக்கலாம். 2003ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம், பயிருக்கும் கால்நடைக்கும் பிறர் வீட்டுக்கும் தொந்தரவு தராமல் பொறுப்போடு நடந்துகொள்கிறவர்களுக்குப் பெரும்பாலான நிலத்தின் வழியாகப் போகும் உரிமையைத் தந்திருக்கிறது. 2005 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. சீமான்கள் மனமுவந்து கொடுத்ததல்ல இது. குடியானவர்களைத் துரத்திவிட்டு மலைகளை ஆட்டுப்பட்டிகளாகவும் வேட்டைக்காடுகளாகவும் ஆக்கிய தேசம் அது. 1880களில் கிளென் டால் என்னும் பள்ளத்தாக்கை வாங்கிய மெக்ஃபெர்சன் என்ற செல்வந்தர், அதன் வழியே பிரேமார் ஊருக்குப் போகும் பழைய பாதையை மறித்தார். பாதையுரிமைச் சங்கம் ஒன்று வழக்குப் போட்டது. அந்த வழியாகச் சந்தைக்கு ஆடு ஓட்டிப்போன மேய்ப்பர்கள் வந்து, தாங்கள் நடந்ததைச் சாட்சியம் சொன்னார்கள். 1888இல் பிரபுக்கள் சபை வரை போய்ப் பாதை வென்றது. வழக்குச் செலவில் இரு தரப்பும் ஏறக்குறைய நொடித்துப்போனதாகச் சொல்வார்கள். சட்டம் பல தலைமுறைகள் கழித்து வந்தது. அதற்கு முன்னால் ஆட்டுக்காரர்களின் வாய்மொழி இருந்தது.

அதே பத்தாண்டில் இங்கே நடந்தது நேர்மாறு. 1882இல் மதராஸ் வனச் சட்டம் வந்தது. காலங்காலமாக மாடு ஓட்டிப்போன மலைகள் காப்புக்காடு என்று எல்லைக்கல் நடப்பட்டு அரசாங்கத்தின் சொத்தாயின. ஒரே பேரரசின் ஒரு கரையில் மேய்ப்பனின் கால்தடம் சாட்சியாயிற்று, மறுகரையில் குற்றமாயிற்று. ஒகேனக்கல்லுக்கு அருகிலுள்ள ஆலம்பாடியின் பெயரால் வழங்கும் மாட்டினம் இந்தக் காடுகளில் மேய்ந்து உருவானது. இன்று அதைக் காப்பாற்ற ஆராய்ச்சி மையம் வைக்க வேண்டிய நிலை. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடை செய்து, சில நாட்களிலேயே அதைச் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் என்று சுருக்கியது. காவிரி வடக்குச் சரணாலயம் 2014இலும் தெற்கு 2022இலும் அறிவிக்கப்பட்டுவிட்டதால், இந்த மலைகளைப் பொறுத்தவரை அந்தச் சுருக்கத்தால் பெரிய ஆறுதல் இல்லை.

காட்டைத் திறந்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. யானைக் காட்டுக்குள் சுற்றுலாக்காரன் எனக்கு உரிமை வேண்டும் என்பது அபத்தம். 2018இல் குரங்கணித் தீயில் மலையேறிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதற்குப் பிறகு கட்டுப்பாடுகள் வந்ததும் நியாயமே. 2024 அக்டோபரில் வனத்துறை நாற்பது மலையேற்றப் பாதைகளை முன்பதிவோடு திறந்தது. காட்டோர இளைஞர்களை வழிகாட்டிகளாக அமர்த்தியிருக்கிறது. நல்ல தொடக்கம் என்றே சொல்வேன். என் குறை வேறு. காப்புக்காட்டுக்கு வெளியே, ஊருக்கும் ஊருக்கும் நடுவே, நம் காலடியிலேயே இருந்த வழிகள் என்ன ஆயின? கிராம வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வண்டிப்பாதை, நடைபாதை, ஏரிக்கரை, ஓடைப் புறம்போக்கு என்று கோடுகோடாக ஓடும். தாளில் இருக்கும் அந்தப் பாதைகளில் பலவற்றை மண்ணில் தேடினால் கிடைக்காது. ஒன்றை மாந்தோப்பு விழுங்கியிருக்கும், ஒன்றை வீட்டுமனை. கல்குவாரி விழுங்கியது என்றால் பாதையோடு குன்றும் சேர்ந்து போயிருக்கும்.

குன்றோடு போவது வெறும் கல்லும் அல்ல. தமிழ்நாட்டில் நடுகற்கள் மிகச் செறிந்து கிடக்கும் நிலங்களில் இது ஒன்று. ஆநிரை கவர வந்தவர்களோடு பொருது விழுந்தவன், புலியோடு பொருது விழுந்தவன் என்று ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய எழுத்துகளோடு கற்கள் நிற்கின்றன. சங்கப் பாடல்களில் நாம் படித்து உருகும் தகடூர் நாடு இதுதான். சிலவற்றைத் தருமபுரி அகழ்வைப்பகத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். மற்றவை கொல்லைகளில் வேடியப்பன் என்ற பெயரில் பொங்கல் வாங்கிக்கொண்டிருக்கின்றன. இறந்தவர்களை நினைவில் வைத்திருக்கும் விஷயத்தில் ஐமவுத்துக்கு நாம் எந்த விதத்திலும் குறைந்தவர்கள் அல்ல. அங்கே போவதற்கு வழி எழுதிய ஒரு தாள்தான் நம்மிடம் இல்லை.

தங்குமிடம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நண்பரின் விருந்தாளிகளுக்காகச் சுற்றுவட்டாரத்தில் ஒரு விடுதியில் விசாரித்தேன். அறையில் ஏசி உண்டு, டிவியில் இத்தனை சேனல் உண்டு என்றார் முகப்பில் இருந்த இளைஞர். பக்கத்தில் பார்க்க, நடக்க ஏதாவது உண்டா என்றதற்கு என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கல்யாண வீட்டாருக்கும் தக்காளி வியாபாரிகளுக்குமான விடுதி அது; நடப்பதற்காக ஒருவர் பாலக்கோட்டுக்கு வருவார் என்று அவர் ஏன் நினைக்க வேண்டும்? கோடிகளில் பூங்காவும் செயற்கை நீரூற்றும் கட்டுவதைவிட, ஒவ்வொரு ஊரிலும் ஆடு மேய்ப்பவர் ஒருவரை உட்காரவைத்து அவர் சொல்லும் வழியை எழுதிக்கொண்டால் போதும். அவருக்கு அரைநாள் கூலியும் கொடுக்க வேண்டும். வருவாய்த் துறை அந்த வழிகளில் எவை இன்னும் புறம்போக்கு என்று சரிபார்த்து ஊராட்சிப் பலகையில் எழுதி வைக்கலாம். இதற்குச் சட்டம்கூடப் புதிதாகத் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

சென்ற தை மாதம் நண்பர் தம் விருந்தாளிகளோடு வந்தார். நாங்கள் நால்வரும் ஒரு காலையில் ஏரிக்கரையிலிருந்து புறப்பட்டோம். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. 'அள்ளி' என்று முடியும் பல ஊர்களில் ஒன்று. எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் தம் வெள்ளாடுகளைப் பேரனிடம் விட்டுவிட்டு முன்னால் நடந்தார். கரை முடிந்து ஓடையில் இறங்கி, அவரை காய்த்துக் கிடந்த கொல்லை வரப்பில் ஏறினோம். ஒரு மைல் போனதும் கல்கால் நட்டுக் கம்பி இழுத்திருந்தார்கள். பெரியவர் நின்றார். "போன வருசம் வரைக்கும் இதுதான் சார் வழி. எங்கப்பாரு காலத்துல வண்டியே போகும்" என்றார். பிறகு எதுவும் பேசாமல் வடக்கே சுற்றி, தமக்குத் தெரிந்தவர் கொல்லை வழியாக எங்களை அழைத்துப்போனார். அந்த வீட்டம்மாள் மோர் கொடுத்தார்.

புளியமரத்தடியில் இடுப்பளவு உயரத்தில் கல் நின்றது. வில்லை வளைத்தபடி ஒருவன், காலடியில் இரண்டு மாடுகள். முகம் எண்ணெயில் கறுத்து மழுங்கியிருந்தது. தலைக்கு மேல் இரண்டு வரி எழுத்து. வந்தவர்களில் மூத்தவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நெடுநேரம் நின்றார். நண்பர் ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். ஏரிக்கரைப் பிள்ளையாரிடமிருந்து ஓடை வரை, பிறகு வலப்பக்கம், அவரை போட்டிருந்தால் வரப்பில் மட்டும். என்ன எழுதுகிறார் என்று பெரியவர் கேட்டார். சொன்னோம். சற்று யோசித்தார்.

"செவ்வாக்கிழமை வர வேணாம்னு எழுதுங்க. அன்னிக்குப் பூசை, கூட்டமா இருக்கும். அந்தக் கிணத்து மேட்டு நாய் புது ஆளப் பாத்தா விடாது, ஒரு குச்சி எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

அதையும் எழுதிக்கொண்டார்.